சபை மினிட்ஸ் எழுதின கிறிஸ்டியத் தேடி: நார்வே டைரி

நாள் 1, ஒஸ்லோ

ராத்திரி பத்தரை மணிக்கு ஜன்னல்ல வெயில் அடிக்குதுங்க. கடிகாரம் படுன்னு சொல்லுது, கண்ணு கேக்க மாட்டேங்குது, ஜூன் கடைசில இந்த ஊர்ல தூங்கணும்னா கறுப்புத் துணி திரைய இழுத்து விட்டுட்டு ராத்திரின்னு நாமளா நம்பிக்கணும். பேத்தி மட்டும் நல்லா தூங்குறா.

மாப்பிள்ளை லீவு போட்டுட்டு கேட்டார், "மாமா எங்க போலாம் சொல்லுங்க, ஃப்யோர்டு போட்ல போலாமா?" நான் ஐட்ஸ்வோல் போணும்னேன். அவர் எம்பொண்ண ஒரு பார்வை பாத்தார். இங்க அது ஸ்கூல் பசங்கள பஸ்ல ஏத்திட்டுப் போற எடமாம். பரவால்ல மாப்பிள்ளை, நானும் அந்த கிளாஸ்தான்னு சொல்லி வச்சிருக்கேன்.

காரணம் இருக்கு. நான் சர்வீஸ்ல பாதிய தரங்கம்பாடி பக்கம் தாலுகா ஆபீஸ்ல ஓட்டினவன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு டேனிஷ் கோட்டை நெழல்ல போய் உக்காந்தா கடல் காத்துக்கு தூக்கம் சொக்கும். அந்த ஊருக்கு 1788லேர்ந்து 1806 வரைக்கும் கவர்னரா இருந்தவர் பீட்டர் ஆங்கர். டேனிஷ்காரன்னுதான் நாங்கள்லாம் நெனச்சிட்டிருந்தோம், ஆனா ஆளு நார்வேக்காரர், அப்ப ரெண்டு நாடும் ஒரே ராஜாவுக்குக் கீழ. தரங்கம்பாடி, தஞ்சாவூர்னு அங்கங்க உக்காந்து படம் வரஞ்சு வச்சிருக்கார், அந்த சேகரிப்பு இப்ப ஒஸ்லோ மியூசியத்துல இருக்கு. அவரோட தம்பி கார்ஸ்டன் ஆங்கரோட வீடுதான் ஐட்ஸ்வோல். அந்த வீட்ல உக்காந்துதான் 1814ல நார்வே தனக்குன்னு ஒரு அரசியல் சட்டத்த எழுதிக்கிச்சு. நம்ம ஊரு கவர்னர் தம்பி வீடு, பாக்காம எப்டி போறது.

நாள் 2, ஐட்ஸ்வோல்

ரயில்ல போறதாதான் பிளான். ஸ்டேஷனுக்குப் போனா பாதி தூரம் தண்டவாள வேலை, பஸ்ல போங்கன்னு போர்டு. எந்த பஸ் எங்க நிக்கும்னு சொல்ல ஆள் இல்ல, ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு பையன் கை காட்டின பக்கம் ஓடி ஏறினோம், அது தப்பான பஸ். நம்ம ஊரா இருந்தா கண்டக்டர் திட்டியாவது எறக்கி விடுவார், இங்க டிரைவர் சிரிச்சிட்டே அடுத்த ஸ்டாப் வரைக்கும் கொண்டு போய் விட்டார். ஒரு மணி நேரம் போச்சு. வீட்டம்மா வாயே தெறக்கல, அதான் பயமா இருந்துச்சு.

வீடு பெரிய வீடு, இரும்பாலை மொதலாளி வீடு. ஆனா தமாஷ் என்னன்னா, ஊரே கூடி சட்டம் எழுதறப்ப வீட்டுக்காரர் கார்ஸ்டன் ஆங்கர் வீட்ல இல்ல, இங்கிலீஷ்காரன்கிட்ட ஆதரவு கேக்க லண்டன் போயிட்டார்.

பின்கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. நெப்போலியன் பக்கம் நின்னு தோத்துப் போன டென்மார்க் ராஜா, 1814 ஜனவரி 14ந்தேதி கீல்ங்கற ஊர்ல கையெழுத்து போட்டு நார்வேயத் தூக்கி ஸ்வீடனுக்குக் குடுத்துட்டார். நார்வேக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பட்டா மாத்தறதுக்குக்கூட நாங்க பதினஞ்சு நாள் நோட்டீஸ் ஒட்டுவோம்! நார்வேல இருந்த டேனிஷ் இளவரசர் கிறிஸ்டியான் ஃப்ரெடரிக், இத ஒத்துக்க முடியாதுன்னு சொல்லி சபையக் கூட்டினார். வந்தவங்க 112 பேர். அதுல 57 பேர் கவர்மென்ட் உத்தியோகஸ்தருங்க, 37 பேர் விவசாயிங்க, 18 பேர் வியாபாரம் தொழில்னு இருந்தவங்க. வடக்குக் கோடில இருந்தவங்களுக்கு ஆள் அனுப்பவே நேரம் பத்தல.

அந்த ஹால்ல போய் நின்னா மொதல்ல கண்ணுல படறது பெஞ்சு. சாய்மானம் கெடையாது. ஜமாபந்தில ஊர்க்காரங்க உக்கார போடுவோமே, அதே மாதிரி நீட்டு பெஞ்சு. செவுத்துல ஊசியிலை மரக் கெளைய மாலையா கட்டித் தொங்க விட்ருக்காங்க, அன்னிக்கும் அப்டித்தான் கட்டினாங்களாம், நம்ம மாவிலைத் தோரணம் கணக்கா. ஏப்ரல் 10ந்தேதி ஈஸ்டர் அன்னிக்கு தொடங்கி மே 17க்குள்ள மொத்த சட்டத்தையும் முடிச்சுட்டாங்க. அஞ்சு வாரம். நான் ஒரு தெரு பேர் மாத்தற ஃபைல ரெண்டு வருஷம் தள்ளினவன்.

கைடு பொண்ணு, சட்ட வரைவுல முன்னாடி நின்ன ஃபால்சன் பத்தி, ராஜா பத்தியெல்லாம் சொல்லிட்டு வந்துச்சு. தலைவர் வாரா வாரம் மாறிட்டே இருந்தாராம். ஆனா செகரட்டரி மாறவே இல்ல, மொத நாள்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே ஆளு, வில்ஹெல்ம் ஃப்ரிமான் கோரன் கிறிஸ்டி, பெர்கன் ஊர்லேர்ந்து வந்தவர், வயசு 35. அந்தப் பொண்ணு ஒரே வரில தாண்டிப் போயிடுச்சு. எனக்கு அங்கயே கால் நின்னுடுச்சு. தலைவர் நாற்காலில யாரு வேணா உக்காரலாங்க, 112 பேர் ஒரே நேரத்துல கத்தறத மினிட்ஸா எழுதறவன் கஷ்டம் எழுதினவனுக்குத்தான் தெரியும்.

திரும்பி வர்றப்ப ரயில் சரியா கெடச்சுது. வீட்டம்மாவும் பேச ஆரம்பிச்சாங்க.

நாள் 3, வீட்லயே

மழை. ஒடம்பும் வலி. உக்காந்து கிறிஸ்டியப் பத்தி மாப்பிள்ளைய மொழிபெயர்க்க வச்சு படிச்சேன், பாவம் அவர்.

கிறிஸ்டி பொறந்தது 1778 டிசம்பர்ல, கிறிஸ்டியான்சுண்ட்ங்கற கருவாட்டு ஊர்ல. ஆமாங்க, காட் மீன உப்பு போட்டு காய வச்சு வித்தே பொழச்ச ஊரு, அப்பா அங்க போஸ்ட்மாஸ்டர். பெர்கன்ல பள்ளிக்கூடம். நார்வேல அப்ப யூனிவர்சிட்டியே இல்ல, 1811லதான் வந்துச்சு, அதனால சட்டம் படிக்க கோப்பன்ஹேகன். முடிச்சுட்டு அங்கயே தலைமைச் செயலகத்துல சில வருஷம் எழுத்து வேலை. அப்புறம் பெர்கன் பக்கத்துல நூர்ஹோர்ட்லாண்ட்ல சோரன்ஸ்க்ரீவர்.

இந்த வார்த்தைய விட்டுட்டு தாண்ட மாட்டேன். சோரன்ஸ்க்ரீவர்னா சத்தியம் பண்ணின எழுத்தர்னு அர்த்தம். ஆரம்பத்துல கிராமத்துப் பஞ்சாயத்துல ஊர்க்காரங்க தீர்ப்பு சொல்றத எழுத வந்த ஆளு. அவனுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும், சட்டமும் தெரியும், அப்டியே போகப் போக அவனே ஜட்ஜ் ஆயிட்டான். இன்னிக்கும் ஜில்லா கோர்ட்டு தலைமை நீதிபதிக்கு அங்க அதான் பட்டம். எழுத்தர்ங்கற பேரோட ஜட்ஜ் உக்காந்திருக்கற நாடுங்க. நாங்க சங்கத்துல பதவிப் பேர் மாத்துங்கன்னு எத்தன மனு குடுத்திருப்போம்.

இப்ப முக்கியமான எடம். மே மாசம் சட்டம் ஆச்சு, கிறிஸ்டியான் ஃப்ரெடரிக்க ராஜாவா தேர்ந்தெடுத்தாச்சு. ஸ்வீடன் சும்மா இருக்குமா, ஜூலை கடைசில படையோட வந்துச்சு. பெர்னடோட்டுன்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர், நெப்போலியனோட மார்ஷலா இருந்து ஸ்வீடன் பட்டத்து இளவரசரா ஆனவர், அவர்தான் தலைமை. மூணு வாரம் கூட தாங்கல. ஆகஸ்ட் 14ந்தேதி மோஸ்ங்கற ஊர்ல சமாதானம். அதுல ரெண்டு விஷயம்: கிறிஸ்டியான் ஃப்ரெடரிக் ராஜா பதவிய விட்டுட்டுக் கெளம்பணும், ஆனா ஐட்ஸ்வோல் சட்டத்த ஸ்வீடன் ஏத்துக்கும், நார்வே ஸ்வீடனோட சேர்றதுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் மாத்திக்கலாம். அத பேசி முடிக்க அக்டோபர் 7ந்தேதி ஸ்டோர்டிங் கூடுச்சு. பெரிய சபைன்னு அர்த்தம், அதான் நார்வே பார்லிமென்ட். அதுக்குத் தலைவரா வந்தவர் நம்ம செகரட்டரி கிறிஸ்டி.

கவனிங்க, இவரு ஐட்ஸ்வோல்ல தனி நாடுதான் வேணும்னு நின்ன கோஷ்டி. இப்ப இவரு தலைமைலதான் ஸ்வீடனோட சேர்ற தீர்மானம் போட்டாகணும். எதுத்தாப்ல ஸ்வீடன் அனுப்பின கமிஷனருங்க. போர் நிறுத்தம் அக்டோபர் 21ந்தேதி முடியுது. அதுக்கு மொத நாள், 20ந்தேதி, தீர்மானம்: நார்வே தனி ராஜ்ஜியமாவே, தன் சட்டத்தோட, ஒரே ராஜாவுக்குக் கீழ ஸ்வீடனோட சேரும்.

சரி இப்பவாச்சும் ராஜாவ அறிவிங்கன்னா, மாட்டேன்னுட்டாங்க. மொதல்ல சட்டத்துல என்னென்ன மாத்தறதுன்னு ஒவ்வொரு பாராவா பேசி முடிப்போம், அப்புறம்தான் ராஜா. ஸ்வீடனுக்கு அவசரம், இவங்களுக்கு அவசரமே இல்ல. வேலை முடியறதுக்கு முன்னாடி பில்லுல கையெழுத்து போடாதேன்னு எங்க பழைய ஹெட் கிளார்க் சொல்வார், அதேதான். நார்வே சிப்பாய ஸ்டோர்டிங் சம்மதம் இல்லாம வலியப்போற சண்டைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு வரி உள்ள போச்சு. நவம்பர் 4ந்தேதி எல்லாம் முடிஞ்சு ஸ்வீடன் ராஜா பதிமூணாம் கார்ல் நார்வேக்கும் ராஜா ஆனார். எப்டி? கீல் ஒப்பந்தப்படி "அங்கீகரிச்சோம்"னு இல்ல. "தேர்ந்தெடுத்தோம்"னு.

ஒரே ராஜா, அதே ஆளு, அதே கிரீடம். வார்த்தை மட்டும் வேற. அங்கீகரிச்சோம்னு எழுதியிருந்தா டென்மார்க் தூக்கிக் குடுத்த சொத்துன்னு ஆயிருக்கும். தேர்ந்தெடுத்தோம்னு எழுதினதால, நாங்களா கூப்ட்டோம் வந்தாருன்னு ஆச்சு.

இத படிச்சதும் எனக்கு ஒரு பழைய கத ஞாபகம் வந்துச்சு. ரெண்டு கிராமத்துக்கும் வாய்க்கா தண்ணித் தகராறு, தாலுகா ஆபீஸ்ல சமாதானக் கூட்டம். மேலதிகாரி "இரு தரப்பினரும் மனமுவந்து ஒப்புக்கொண்டனர்"னு எழுதச் சொன்னார். கடைமடைக்காரங்கள்ல ஒரு பெரியவர், கைநாட்டு, எங்கிட்ட குனிஞ்சு "தம்பி, நாங்க ஒத்துக்கல, கோர்ட்டு ஆர்டர் வர்ற வரைக்கும் பொறுத்துக்கறோம்னுதான் சொன்னோம்"னார். நான் அப்டியே எழுதினேன், "நீதிமன்ற உத்தரவு வரும்வரை பொறுத்துக்கொள்வதாகத் தெரிவித்தனர்". அதிகாரி பேனாவத் தூக்கி எறிஞ்சார். ஆனா மணி எட்டாச்சு, வெளில ரெண்டு ஊர் ஜனமும் நிக்குது, வேற வழியில்லாம கையெழுத்து போட்டார். எனக்கு அடுத்த மாசமே ட்ரான்ஸ்ஃபர். ரெண்டு வருஷம் கழிச்சு கேஸ்ல அந்த ஒரு வரிதான் கடைமடைக்காரங்களுக்கு கை குடுத்துச்சுன்னு பெரியவர் மகன் வந்து சொல்லிட்டு ஒரு மரக்கா உளுந்து வச்சுட்டுப் போனான். (உளுந்த திருப்பிக் குடுத்துட்டேன். வீட்டம்மா இத இன்னும் நம்ப மாட்டாங்க.)

நாள் 4, ஸ்டோர்டிங்

சனிக்கிழமை, பார்லிமென்ட் சுத்திக் காட்டுற டூர். மஞ்ச செங்கல் கட்டடம், நடுவுல உருண்டையா, ரெண்டு பக்கமும் எறக்கை விரிச்ச மாதிரி. 1866லேர்ந்து இங்கதான் நடக்குது. கிறிஸ்டி இத பாக்கவே இல்ல, அவரு காலத்துல ஒரு பள்ளிக்கூட ஹால்ல நடந்துச்சு. அந்த ஹால அப்டியே பேத்துக் கொண்டு வந்து பிக்டேய் பக்கத்துல மக்கள் மியூசியத்துல வச்சிருக்காங்களாம், கால் வலில போக முடியல.

முன்னாடி ரெண்டு கல்லு சிங்கம். வரஞ்சு குடுத்த சிற்பி கிறிஸ்டோஃபர் பொர்க், ஆனா உளி பிடிச்சு செதுக்கினது அக்கெர்ஷூஸ் கோட்டை ஜெயில்ல இருந்த கைதி, மரண தண்டனை வாங்கின ஆளு. பேத்தி சிங்கத்து மேல ஏறணும்னு அடம். ஏத்தி விட்டேன்.

உள்ள சபை மண்டபத்துல, தலைவர் மேசைக்குப் பின்னாடி ஒரு பெரிய படம். ஐட்ஸ்வோல் 1814. ஆஸ்கார் வெர்கெலாண்ட்னு ஓவியர், 1885ல போட்டது, அதாவது நடந்து 71 வருஷம் கழிச்சு. ஃபால்சன் நின்னு படிக்கிறார், பக்கத்துல உக்காந்திருக்கார் கிறிஸ்டி. மத்தவங்கள்லாம் எங்கயோ பாத்துட்டு சாஞ்சுட்டு இருக்காங்க. இன்னிக்கு இருக்கற 169 எம்.பி.யும் தினம் பாக்கறது இந்தப் படத்தத்தான்.

டூர்ல ஒருத்தர் கேட்டார், கவர்மென்ட் உத்தியோகத்துல இருந்துக்கிட்டே எம்.பி. ஆகலாமான்னு. ஆனாங்க. 1814லேர்ந்து 1884 வரைக்கும் இருந்த காலத்தயே இங்க உத்தியோகஸ்தர் ராஜ்ஜியம்னுதான் சொல்றாங்க, ஜட்ஜு, பாதிரி, கலெக்டர் இவங்கதான் சபைலயும். கிறிஸ்டியே 1815ல பெர்கனுக்கு ஸ்டிஃப்ட்அம்ட்மன் ஆனார், நம்ம பாஷைல கலெக்டருக்கு ஒரு படி மேல, அப்டி இருந்துக்கிட்டேதான் ஸ்டோர்டிங்லயும் உக்காந்தார். நம்ம ஊர்ல நான் வார்டு மெம்பருக்கு நிக்கணும்னாலும் ராஜினாமா கடுதாசி குடுத்துட்டுத்தான் நிக்கணும். ரெண்டுல எது சரின்னு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ராஜாவ எதுத்து வார்த்தைக்கு வார்த்தை நின்ன ஆளுங்களும் இவங்கதான், ஏழை விவசாயிய ரொம்ப வருஷம் சபைல ஓரமா உக்கார வச்சதும் இவங்கதான். ஐட்ஸ்வோல்ல எழுதின அதே சட்டத்துல யூதருங்க நாட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. அது போனது 1851ல. கிறிஸ்டி செத்து ரெண்டு வருஷம் கழிச்சு. அத்தன நல்ல பேனாவும் அந்த வரிய அடிக்கல, இத சொல்லாம விட்டா நான் எழுதறது பொய்யாயிடும்.

வெளில வந்தப்ப மாப்பிள்ளை சொன்னார், இதே சபைக்கு 2021ல நம்ம யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு ஜெயிச்சு வந்துச்சு மாமான்னு. கம்ஷாஜினி குணரத்னம், அதுக்கு முன்னாடி ஒஸ்லோ துணை மேயரா இருந்தவங்க. வீட்டம்மா திரும்பி நின்னு கட்டடத்த இன்னொரு வாட்டி பாத்தாங்க.

நாள் 5, ரயில்

ஒஸ்லோலேர்ந்து பெர்கன், ஏழு மணி நேரம் சொச்சம். ஃபின்சேன்னு ஒரு ஸ்டேஷன், 1222 மீட்டர் ஒசரம், ஜூன் மாசத்துல பனி கெடக்கு. ரோடும் கெடையாது அந்த ஊருக்கு. இந்த லைன் 1909லதான் போட்டாங்க, கிறிஸ்டி இந்த மலைய சுத்தியும் தாண்டியும் எப்டி போனாரோ. கட்டிக்கிட்டு வந்த லெமன் சாதத்த பிரிச்சோம், எதுத்த சீட்டு பாட்டியம்மா மணத்துக்குத் திரும்பிப் பாத்துச்சு, ஒரு வாய் குடுத்தோம். மொளகா அவங்க பக்கம் போயிடுச்சு. மன்னிப்பு கேக்க நார்வே பாஷைல வார்த்தை தெரியல.

நாள் 6, பெர்கன்

மழைன்னா இதான் மழை. அடிக்காம, கொட்டாம, சொல்லாம கொள்ளாம நனைக்குது. குடை ஹோட்டல்ல. 

கிறிஸ்டி பேர்ல ஒரு தெருவே இருக்கு. மேல ஏறிப் போனா மியூசியம், அதுக்கு முன்னாடி அவர் செலை. 1868 மே 17ந்தேதி தெறந்தது, அப்ப ஊர் நடு மைதானத்துல இருந்துச்சு, பின்னாடி இங்க மாத்தினாங்க. செஞ்சவர் யாருன்னு கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க, அதே பொர்க், சிங்கம் வரஞ்சவர்.

மியூசியத்துக்கு முன்னாடி வச்சதுக்கு காரணம் இருக்கு. இதையே தொடங்கினது அவர்தான், 1825ல, பிஷப் நாய்மனும் இன்னும் சிலரும் சேந்துக்கிட்டாங்க. பழைய வாள், பழைய நாணயம், கல்லு, மீனு, எது கெடச்சாலும் அனுப்புங்கன்னு கேட்டு வாங்கி சேத்தார். 1837லேர்ந்து உர்டான்னு ஒரு பழம்பொருள் பத்திரிகை. கிராமத்துப் பேச்சு வார்த்தையக்கூட சேத்து அகராதி மாதிரி எழுதி வச்சிருந்தார், அது அவர் செத்து ரொம்ப காலம் கழிச்சுதான் அச்சாச்சு. கடைசில அந்த மியூசியமே வளந்து 1946ல பெர்கன் யூனிவர்சிட்டி ஆச்சு. சட்டம் படிக்க கோப்பன்ஹேகன் வரைக்கும் போன பையன், ஊர்லயே யூனிவர்சிட்டிக்கு வித போட்டுட்டுப் போயிருக்கார்.

உள்ள திமிங்கல எலும்புக்கூடுங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா தொங்குது, பேத்திக்கு அதான் பெர்கன்.

நான் வீட்டம்மாகிட்ட மீதிக் கதைய சொன்னேன். ஒடம்பு முடியாம அரசியல விட்டார், அப்புறம் அந்த ஸ்டிஃப்ட்அம்ட்மன் உத்தியோகத்தையும் விட்டுட்டு இதே ஊர்ல கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டரா உக்காந்தார்னு. "ஏங்க, அவ்ளோ பெரிய எடத்துல இருந்தவரு துறைமுகத்துல சரக்கு மூட்ட எண்ணிட்டா இருந்தாரு?"ன்னாங்க. ஆமா, ராஜாவோட மல்லுக்கு நின்னவர், அப்புறம் மீன் பீப்பாயும் வரியும். எனக்கு அது ஒண்ணும் எறக்கமா படல. ரெஜிஸ்டர் எழுதத் தெரிஞ்சவனுக்கு எந்த மேசையா இருந்தா என்ன, சாயங்காலம் மியூசியத்துக்கு நேரம் கெடச்சா சரின்னு நெனச்சிருப்பார். 1849 அக்டோபர்ல காலமானார்.

இன்னொண்ணு, அந்த ஐட்ஸ்வோல் ராஜா கிறிஸ்டியான் ஃப்ரெடரிக், நாலஞ்சு மாசம் ராஜாவா இருந்துட்டு போனாரே, அவர் பின்னாடி டென்மார்க்குக்கே எட்டாம் கிறிஸ்டியானா ராஜா ஆனார். 1845ல தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேத்து பன்னண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு வித்தது அவர் ஆட்சிலதான். தரங்கம்பாடிக்காரங்ககிட்டயும் யாரும் கேக்கல. எங்க ஆபீஸ் கட்டடம் இருந்த எடம் எத்தனாவது சர்வே நம்பர்னு எனக்கு இன்னும் மனப்பாடம்.

மீன் மார்க்கெட்ல சூப்பு குடிச்சோம், வெல கேக்காதீங்க. ஹோட்டலுக்கு வந்தா குடை கட்டில் மேல காஞ்சு கெடக்கு. நாளைக்கு காலைல எட்டு மணி ரயில், இந்த வாட்டி மொளகாய தனியா எடுத்து வைக்கணும்.